கமவும் வத்தவும்

அவிசாவளையில் ஏறி எட்டியாந்தோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில், நடத்துநர் இறங்குமிடங்களைக் கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். கேகாலை மாவட்டத்துக் காணி வரைபடம் கையில் இல்லாமலே விளங்கிவிடும். சிங்களக் கிராமங்களுக்கு ஒவ்வொரு பெயர் உண்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். தோட்டத்து முகப்பு வந்தால் பெரும்பாலும் "வத்த, வத்த" என்பதோடு சரி. தோட்டத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரத் துரை தன் ஊர் நினைவில் வைத்தது ஒன்று, நம்மவர் தம் வாய்க்கு ஏற்ப வைத்துக்கொண்டது ஒன்று என்று இரண்டுகூட இருக்கும். இறங்கப் போகிறவர் யார் என்பது பஸ்ஸில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். 'தமிழர்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

கம என்றால் கிராமம், வத்த என்றால் தோட்டம். அகராதியில் அவ்வளவுதான். ஆனால் சப்ரகமுவவில் வீடு, காணி, வீதி, தண்ணீர்க்குழாய் பற்றி யார் எங்கே பேசினாலும், சட்டசபையானாலும் பிரதேச சபையானாலும், இந்த இரண்டு சொற்களும் அகராதிக்கு வெளியே ஒரு வேலை செய்கின்றன. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டத்தைக் காணிக்கு வெளியே நிறுத்தி வைக்க, அந்த மக்களின் பெயரைச் சொல்லவேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை. இடத்தின் பெயரைச் சொன்னாலே போதுமாக இருந்தது. எப்படி அது நடந்தது, எப்போது தேவைப்பட்டது, நம்மவர்கள் அதில் எவ்வளவு பங்கெடுத்தோம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் இடம். மலையகம் என்றதும் நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை என்றே மனம் போகும். அங்கே மலைக்கு மலை தோட்டம், தமிழர் தொகை கூடுதல், பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் பலமும் உண்டு. சப்ரகமுவவின் இரத்தினபுரியும் கேகாலையும் வேறு மாதிரி. தேயிலையும் றப்பரும் கலந்த தாழ்நாட்டுத் தோட்டங்கள் அவை. கேகாலைப் பக்கம் தெரணியகலை, தெஹியோவிட்டை, புளத்கொஹுபிட்டிய, ருவன்வெல்லை. இரத்தினபுரிப் பக்கம் எஹலியகொடை, நிவித்திகலை, பெல்மதுளை, காவத்தை, றக்குவானை, பலாங்கொடை. எல்லா இடத்திலும் தோட்டம் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று பார்த்தால் கிராமத்து வீட்டின் ஓடு தெரியும். கிணறும், சில இடங்களில் பள்ளிக்கூடமும் பொது. இந்த நெருக்கத்தில், 'அவர்கள்' யார் என்று பெயர் சொல்லிப் பேசுவது இரு தரப்புக்கும் சங்கடம். ஆகவே சொற்கள் வளைந்தன.

அந்த வளைவின் தொடக்கத்தை ஒரு சட்டத்திலேயே காணலாம். கிராமச் சபைகளுக்கான 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஐரோப்பியரையும் பறங்கியரையும் இந்தியத் தோட்டத் தொழிலாளரையும் வெளியே வைத்திருந்தது. 1937இல் அதைத் திருத்த அரசாங்க சபை முற்பட்டபோது, ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் கதவு திறந்தது, இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் திறக்கவில்லை. அப்பட்டமான இனப் பாகுபாடு என்று இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. பதிலாக வந்த திருத்தத்தில் 'இந்திய' என்ற சொல் காணாமல் போனது. தோட்டத்துக் குடியிருப்பில் வசிக்கும் தொழிலாளி எந்த இனத்தவரானாலும் கிராமச் சபைக்கு வாக்களிக்க முடியாது என்று ஆயிற்று. தோட்டத்தில் வேலை செய்த சிங்களவர் பெரும்பாலோர் மாலையானதும் கிராமத்துக்குத் திரும்பியவர்கள். லயத்தில் படுத்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும். சொல் போனது, ஆள் போகவில்லை. இலங்கையில் வீட்டைக் கொண்டு இனத்தைச் சொல்லும் வித்தை இதைவிடத் துல்லியமாக வேறெங்கும் பதிவாகியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படவும் முடியாது. அமெரிக்காவில், லூயிவில் நகரம் கறுப்பர் வாழும் தெரு, வெள்ளையர் வாழும் தெரு என்று வெளிப்படையாகவே பிரித்துச் சட்டம் போட்டிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 1917இல் தள்ளுபடி செய்தது. 1926இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், எந்தப் பகுதியில் எந்த வகை வீடு கட்டலாம் என்று ஊராட்சி தீர்மானிக்கலாம் என அதே நீதிமன்றம் அனுமதித்தது. அதன்பின் புறநகர்களுக்குத் தோலின் நிறத்தைச் சொல்லும் அவசியம் குறைந்தது. தனிக்குடும்ப வீடு மட்டும், காணியின் குறைந்தபட்ச அளவு இவ்வளவு என்று எழுதினால் போதும். பிறகு 'அயலின் தன்மை', 'சொத்தின் பெறுமதி' என்ற பேச்சுகள் வந்தன. அங்கே புறநகர் வீட்டுக்குள் யார் வரக்கூடாது என்பதற்கான சொற்கள். இங்கே லயத்தை விட்டு யார் வெளியே வரக்கூடாது என்பதற்கான சொற்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சப்ரகமுவவில் அந்தச் சொற்களுள் தலையானது 'காணியற்ற விவசாயி'. இதைச் சொல்லும்போது கவனமாக இருக்கவேண்டும், ஏனெனில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையான துயரம் இருக்கிறது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளையும் சேனைகளையும் அரசுக்கு உரியதாக ஆக்கித் தோட்டக்காரருக்கு விற்க வழி செய்தது. மேய்ச்சலும் விறகும் சேனையும் இழந்த கிராமங்கள் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உண்டு. எவ்வளவு காணி, அதில் எவ்வளவு முன்பு உண்மையாகவே பயன்பாட்டில் இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஆனால் இழப்பே இல்லை என்று சொல்பவர் எவருமில்லை. காணியை எடுத்தவன் வெள்ளைக்காரன், விற்றது அரசாங்கம். காணியில் குனிந்து வேலை செய்தவன் தமிழன். முதலிருவரும் தூரத்தில் இருந்தார்கள், மூன்றாமவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். கோபம் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியைக் குடியானவருக்குப் பகிர்ந்தளிக்க வந்தது. யார் அந்தக் குடியானவர்? 'இலங்கையர்' என்று சட்டம் சொல்லி, பூர்வீக வதிவிடம் இலங்கையாக இருப்பவரே இலங்கையர் என்று விளக்கம் கொடுத்தது. இந்தியத் தமிழர் என்ற பேச்சு இல்லை. இரண்டு தலைமுறையாக இங்கே பிறந்து வளர்ந்தவனின் பாட்டன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வி மட்டும் இருந்தது. 1951இல் வெளியான கண்டியக் குடியானவர் ஆணைக்குழு அறிக்கை வரை, 'குடியானவர்' என்ற சொல்லுக்கு ஒரே முகம்தான் இருந்தது. விரலளவு காணிகூட இல்லாத, படுக்கும் அறைகூடத் தன்னதல்லாத லயத்துக்காரன், இந்த நாட்டின் காணியற்றோர் பட்டியலில் இல்லை. அகராதிப்படி பார்த்தால் அவனைவிடக் காணியற்றவன் எவன்?

நேவ்ஸ்மியர் தோட்டத்துக் கதை இந்தக் கேள்வியின் நட்ட நடுவில் நிற்கிறது. கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டம் அது. நாற்பதுகளில் அரசாங்கம் அதைக் கையகப்படுத்தியது. நோக்கம் கிராம விஸ்தரிப்பு, சிங்களத்தில் 'கம் புளுல் கிரீம'. எவ்வளவு அழகான சொல்! கிராமம் விரிகிறது, நெருக்கடியில் இருந்தவர் மூச்சு விடுகிறார். விரிகிற கிராமத்தின் விளிம்பில் ஏற்கெனவே வீடுகள் இருந்தன என்பது அந்தச் சொல்லில் தெரிவதில்லை. லயங்களில் இருந்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கானவை. வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. அவர்கள் வெளியேறவில்லை. 1946இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. கேகாலையோடு நிற்காமல் மலை முழுக்க அது பரவியது.

வெளியேற மறுத்தவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்கு. இதுவும் ஒரு சொல்தான்: அத்துமீறல். தான் வாழ்ந்த அறையிலேயே தொடர்ந்து வாழ்ந்ததற்கு அந்தப் பெயர். குற்றம் ஆக வேண்டுமானால் காணிக்குப் பொறுப்பானவரைத் தொந்தரவு செய்யும் எண்ணம் இருக்கவேண்டும் என்பது சட்டம். வெளியேறாவிட்டால் துரைக்கு எரிச்சல் வரும் என்று தொழிலாளிக்குத் தெரியும்தானே, ஆகவே எரிச்சலூட்டுவதே அவன் எண்ணம் என்று அரசு தரப்பு வாதிட்டது.  வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. ஒரு றப்பர் தோட்டத் தொழிலாளியை லயத்திலிருந்து கிளப்ப, பேரரசின் கடைசிப் படிவரை. 1950இல் வந்த செல்வநாயகம் வழக்குத் தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்த மனிதரின் முதன்மையான எண்ணம் தன் மூதாதையர் வீட்டில் தொடர்ந்து இருப்பதே, எரிச்சல் அதன் பக்கவிளைவு என்பதே அதன் சாரம். குற்றவியல் சட்டத்தில் இது இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. சட்ட மாணவர்கள் 'எண்ணம்' என்ற கோட்பாட்டுக்காக அதைப் படிக்கிறார்கள். நான் படித்தது அதில் வரும் 'வீடு' என்ற சொல்லுக்காக. உள்ளூர்க் கொள்கை வகுப்பாளர்கள் 'குடியிருப்பு', 'தொழிலாளர் தங்குமிடம்' என்றெல்லாம் சுற்றிப் போனபோது, கடலுக்கு அப்பாலிருந்த நீதிபதிகளுக்கு அது வீடாகவே தெரிந்திருக்கிறது. தீர்ப்பு ஒருவரைச் சிறையிலிருந்து காத்தது. காணியைக் கொடுக்கவில்லை, அது நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியும் அல்ல.

நேவ்ஸ்மியரில் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வேளையில் நாடு கையை விட்டுப் போயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்துப் பாருங்கள், ஓர் இனத்தின் பெயரும் இருக்காது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கவேண்டும், அவ்வளவே. பிறப்பத்திரம் எடுக்கும் வழக்கமே பரவாத காலத்துத் தகப்பன்மாருக்குப் பத்திரம் கேட்டது சட்டம். கிராமத்துச் சிங்களவரிலும் எத்தனையோ பேரிடம் அந்தப் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரசைகளுக்கு மட்டுமே வாக்கு என்றானது.

இதை எதிர்த்த வழக்கும் சப்ரகமுவவிலிருந்தே போனது. கேகாலை மாவட்டம், ருவன்வெல்லைத் தேர்தல் தொகுதி. பிரசை அல்லர் என்று கோடாக்கன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கப் பதிவு அதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம் அந்தச் சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று சொல்லி, பெயரைச் சேர்க்க உத்தரவிட்டார். மாவட்ட மட்டத்து அதிகாரி ஒருவர் பாராளுமன்றத்தின் சட்டத்தைச் செல்லாது என்று எழுதிய துணிச்சலை நினைத்துப் பார்க்கவேண்டும். 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் இடையூறு விளைவிக்கும் சட்டத்தைத் தடுத்தது. உயர் நீதிமன்றம் 1951இல் அவருடைய உத்தரவை ரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, அவற்றுக்கு வெளியே இருந்த அரசியல் பேச்சையும் பின்னணியையும் பார்க்கத் தேவையில்லை என்பது அதன் நிலை. 1953இல் பிரிவி கவுன்சிலும் அரசின் பக்கமே நின்றது. யார் தன் பிரசை என்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், ஒரு சமூகத்தைக் குறிவைத்தது இது என்று சொல்ல முடியாது என்றது.

மூன்று ஆண்டு இடைவெளியில், ஒரே மாவட்டத்திலிருந்து, ஒரே மன்றத்துக்குப் போன இரண்டு வழக்குகள். ஒன்றில் ஆளின் உள்ளத்தில் இருந்தது என்ன என்று நீதிபதிகள் தேடிப் பார்த்தார்கள். மற்றதில் சட்டம் இயற்றியவர்களின் உள்ளத்தைத் தேட மறுத்தார்கள். பெயர் சொல்லாத சட்டத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. எழுதியவர், வாக்களித்தவர், வாசித்தவர் எல்லோருக்கும் பொருள் தெரியும். நீதிமன்றத்துக்கு மட்டும் தெரியாது. 1952 தேர்தலில் தோட்டத் தமிழர் வாக்கால் பாராளுமன்றம் போனவர் ஒருவருமில்லை.

இதை இனப் பிரச்சினையாகப் பார்ப்பதா, வர்க்கப் பிரச்சினையாகப் பார்ப்பதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. இடதுசாரிகள் வர்க்கம் என்றார்கள். லங்கா சமசமாஜக் கட்சி 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது, அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ருவன்வெல்லை, எட்டியாந்தோட்டைப் பகுதியின் நெடுங்காலப் பிரதிநிதி என்.எம். பெரேரா தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தாரையும் ஒரே மேடையில் நிறுத்த முயன்றவர். ஆனால் 1964 ஜூனில் அதே கட்சி பிரதமர் சிறிமாவோவின் அரசில் சேர்ந்தது. ஒக்டோபரில், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 1966இல் டட்லி சேனநாயக்கவின் அரசுக்கு எதிரான ஊர்வலங்களில், டட்லியின் வயிற்றில் மசால வடை என்ற கோஷத்தை எழுப்பியவர்களில் இடதுசாரித் தொண்டர்களும் இருந்தார்கள். வடைக்கு இனமில்லை, ஆனால் அந்த ஊர்வலத்தில் அது எதைக் குறித்தது என்று கேட்டவருக்குத் தெரியும். எட்டியாந்தோட்டைச் சந்தியில் வடை வாங்கித் தின்றவனே அதைக் கூவியிருக்கவும் கூடும். வர்க்கம் என்ற சொல்லும், தேவைப்படும்போது, இனத்தைப் போர்த்தும் துணியாகப் பயன்பட்டது என்பதே என் கருத்து. அதற்காக வர்க்கக் கேள்வி பொய்யாகிவிடாது. லயத்தில் சிங்களக் குடும்பங்களும் இருக்கின்றன. வத்த என்ற சொல் அவர்கள் தலையிலும் விழுகிறது.

எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. 1972இல் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை. 'தேசியமயம்' என்று பெயர். தேசத்தின் கைக்கு வந்த தோட்டத்தில், தேசத்துக்கு வெளியே இருந்தவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பகிர்ந்தளித்த காணி கிராமத்துக் காணியற்றோருக்குப் போனது. லயத்துக்காரருக்குப் பட்டினியும் வெளியேற்றமும் கிடைத்தன. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்தபோது சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தது நுவரெலியாப் பக்கத்துச் செய்தி. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் காணி போன தோட்டங்களின் பட்டியலைப் பாடும் நினைவுத் தூண் எதையும் நான் பார்த்ததில்லை.

சங்கேதச் சொற்கள் தேவைப்படாத நாட்களும் வந்தன. தமிழர்மீது வன்முறை பாய்ந்த நாட்கள் அவை: 1977 ஓகஸ்ட், 1981 ஓகஸ்ட், 1983 ஜூலை. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிந்தன. காவத்தை, றக்குவானைப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிப்போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்த நாட்களில் 'வத்தே மினிஸ்ஸு' (தோட்டத்து ஆட்கள்) என்று யாரும் சொல்லவில்லை, நேரே 'தெமல' (தமிழர்) என்றார்கள். நெருப்பு அணைந்து சில மாதங்களில் பழையபடி வத்த திரும்பி வந்தது. அந்த மென்மையை இரக்கம் என்று எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

நிர்வாகத்தின் சொற்கள் இன்னும் மென்மையானவை. புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத, குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவது உள்ள இடம் தோட்டத் துறை. வறுமை, எடை குறைந்த குழந்தை, கழிவறை, எல்லாவற்றுக்கும் தோட்டத் துறை என்று ஒரு தனி நிரல். அந்த நிரலில் இன்று பெரும்பாலும் பிரசைகளே இருக்கிறார்கள், 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு நாடற்றோர் என்ற பேச்சும் முடிந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சபைகள் சொல்லி வந்தன. பிரதேச சபைக்கு வாக்குப் போடுகிறவர்கள், அந்தச் சபை தம் வீட்டு வாசலுக்குக் கல் போடக் கூடாதாம் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. 1937இல் வாக்கு மறுக்கப் பயன்பட்ட லயம், எண்பது ஆண்டுகள் கழித்து ரோட்டு மறுக்கவும் பயன்பட்டது. இரண்டிலும் 'தமிழ்' என்ற சொல் இல்லை.

ஒருமுறை ஒரு பிரதேச செயலகத்தில், தோட்டத்துப் பெண் ஒருவர் வீட்டுக் கடன் படிவம் நிரப்புவதற்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். காணியின் உரித்து என்ற கட்டத்தில் அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் நல்ல மனிதர், கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "மே வத்தே அயட்ட நெமெய்" என்றார். இது தோட்டத்து ஆட்களுக்கானது அல்ல. அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் படிவம் காணி உறுதி உள்ளவருக்கானது. உறுதி இல்லாதவர்கள் யார் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, அவருக்கு முன்னே யார் யாரோ தீர்மானித்துவிட்டார்கள். கேட்பவர் கோபிக்க ஒரு முகம் கிடைக்காமல் திரும்பி வரவேண்டியிருந்தது.

இனி அளவுக்கு வருவோம். 2015க்குப் பிறகு தோட்டங்களில் தனி வீடு, 7 பேர்ச் காணி என்ற திட்டம் வந்தது. இந்தியாவின் உதவியில் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கென்று அமைந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி மேலும் 10,000 என்று அறிவித்தார். சப்ரகமுவக்காரர் அந்தக் கூட்டத்துக்கு பஸ் பிடித்துப் போய்க் கைதட்டியவர்கள். லயத்தைவிட 7 பேர்ச் எவ்வளவோ மேல், அதை இழிவாகப் பேச நான் தயாரில்லை. ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். கம்பனிகள் பயிரிடாமல் விட்ட தோட்டக் காணியைச் சிறு தேயிலைச் செய்கையாளருக்கு இரண்டு ஏக்கர் வீதம் கொடுக்க 2013 வரவு செலவுத் திட்டம் யோசனை சொன்னபோது, அதன் பொருள் ஆளுக்கு 320 பேர்ச். 7 பேர்ச்சைப் போல் நாற்பத்தைந்து மடங்குக்கும் மேல். 'சிற்றுடைமையாளர்' என்பது கிராமத்தவருக்குரிய சொல், 'தொழிலாளர்' என்பது தோட்டத்தவருக்குரியது. தேயிலை பற்றி அதிகம் தெரிந்தவர் இருவரில் யார் என்ற கேள்வி எழவேயில்லை. இரத்தினபுரி மாவட்டம் சிறு தேயிலைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே கொழுந்து பறிக்கக் கூலிக்குப் போகும் லயத்துப் பெண், தன் பெயரில் ஒரு வரிசைத் தேயிலைகூட நட முடியாது.

கம்பனிகளின் சொல்லகராதி வேறு. 1992இல் முகாமைத்துவத்துக்கு எடுத்து, பின்னர் 2045 வரை குத்தகையாக்கிக்கொண்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு இனம் பற்றி அக்கறையில்லை என்றே நம்புகிறேன். அவர்களுக்கு வேண்டியது 'உற்பத்திக் காணி' குறையாமல் இருப்பதும், வீட்டுக்கு ஒருவராவது மலைக்கு வருவதும். வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கும்வரை ஆள் கிடைப்பான். ஆனால் இந்த வியாபாரக் கணக்கும் கிராமத்தவரின் அச்சமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இருவருக்கும் லயத்துக்காரன் லயத்தில் இருப்பதே நல்லது. 'சுற்றாடல்', 'மண்சரிவு அபாயம்', 'நீரேந்துப் பகுதி' என்பவையும் சில சமயம் இந்த வரிசையில் வந்து நிற்கும். அபாயம் பொய்யல்ல. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் கிராமங்கள்மீதும், புளத்கொஹுபிட்டிய களுபஹனவில் தோட்டக் குடியிருப்பின்மீதும் மலை இறங்கியது. மண்ணுக்குக் கமவும் தெரியாது, வத்தவும் தெரியாது. ஆனால் இடிந்ததற்கு ஈடு கேட்கும் இடத்தில் முதல் கேள்வி, உறுதி இருக்கிறதா என்பது.

நம் பக்கத்தையும் சொல்லாமல் போவது நேர்மையாகாது. தோட்டத்துப் பேச்சில் சிங்களக் கிராமத்துக்கு 'நாடு' என்று ஒரு பெயர் உண்டு, அங்குள்ளவர் 'நாட்டாள்'. நாட்டுப்பக்கம் போய்வந்தேன் என்று கிழவிகள் சொல்வார்கள். நாம் இருப்பது நாட்டுக்கு வெளியே என்பதை நாமே எத்தனை இயல்பாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்! அதில் ஒரு சிறு இளக்காரமும் உண்டு என்பது வேறு கதை. தலைவர்களின் சொற்கள் இன்னும் மோசம். 'மலையகம்' என்று அவர்கள் மேடையில் சொல்லும்போது பெரும்பாலும் நுவரெலியா மாவட்டம் என்றே பொருள். வாக்கு அங்கேதான். பூட்டன், பாட்டன் காலம் தொட்டு றப்பர் வெட்டும் எட்டியாந்தோட்டைக்காரருக்கு அந்த மலையகத்தில் இடம் கிடைத்தது அரிது. 7 பேர்ச்சா, 20 பேர்ச்சா என்ற கட்சிச் சண்டை தலைப்புச் செய்தியான காலத்தில், உறுதி கையில் வந்ததா என்று கேட்க இந்தப் பக்கத்திலிருந்து குரல் இல்லை. இரத்தினபுரியிலிருந்து மலையகத் தமிழர் ஒருவர், சுந்தரலிங்கம் பிரதீப், பாராளுமன்றம் போனது 2024 நவம்பரில்தான். பெருந்தோட்டம், சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராகவும் ஆனார். அவரை அனுப்பிய வாக்குகளில் பெரும்பகுதி சிங்கள வாக்கு. சங்கேதச் சொற்கள் வாக்குச்சாவடியில் எப்போதும் வெல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே வாக்காளர் தம் கிராம எல்லையில் வீட்டுத் திட்டம் வரும்போது என்ன சொல்வார் என்பது தனிக் கேள்வி.

இப்போது புழங்கும் புதிய சொல் 'புதிய கிராமம்'. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை என்றே ஒன்றை நிறுவியது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத்தவருக்குக் காணி உரிமை வழங்கும் பணியைத் தொடங்க 400 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பிறகு லயங்களையே கிராமங்களாக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. நூறாண்டுச் சொல்லரசியலை உடைக்கும் நல்ல எண்ணம் இதில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வோம். வத்த என்பதால்தானே மறுத்தார்கள், இனி அதைக் கம என்று எழுதிவிடுவோம் என்கிறது இந்த யோசனை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவின் கதவில் 'கிராமம்' என்று பலகை மாட்டினால் அந்தக் காம்பிரா எத்தனை அடி ஆகும் என்று ஒரு முதியவர் என்னிடம் கேட்டார். அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், அளவில் கெட்டிக்காரர்.

சில மாதங்களுக்கு முன் கேகாலை மாவட்டத்தில் அப்படி ஒரு வீட்டுத் திட்டத்துக்குப் போயிருந்தேன். முகப்பில் மும்மொழிப் பலகை, அழகான பெயர், முடிவில் 'புரம்'. வீடுகளும் பரவாயில்லை, முற்றத்தில் பாக்குமரம் வைத்திருந்தார்கள். கடிதம் இன்னும் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வருகிறது என்றார் வீட்டுக்காரம்மா. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எனக்காக முச்சக்கரவண்டியைக் கூப்பிட அவர் தொலைபேசியை எடுத்தார். பலகையில் இருந்த பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் விளங்கவில்லை போலும், இன்னொருமுறை மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வத்தே அலுத் கெவல்" என்றார். தோட்டத்துப் புது வீடுகள். வண்டி ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.